கொத்தி, கட்டி, நட்டு: உழைப்புக் கவிதையைப் படிக்கத் தொடங்குவோருக்கு

கொத்தி, நடத்தி, கட்டி, வெட்டி, நட்டு, விட்டு.

இந்த ஆறு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்றுகூட முடிந்த சொல் இல்லை. ஒவ்வொன்றும் அடுத்ததற்காகக் காத்து நிற்கிறது. கொத்தி என்றால், கொத்தி என்ன செய்தான்? கட்டி என்றால், கட்டி என்ன ஆயிற்று? பள்ளியில் இதற்கு வினையெச்சம் என்று பெயர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் போயிருப்போம். உழைப்புக் கவிதை என்றால் என்ன என்று புதிதாகப் படிக்க வருகிற ஒருவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஆறு எச்சங்களைத்தான்.

இவை பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ஒரு பாட்டில், ஆறு வரிகளின் கடைசியில் நிற்கும் சொற்கள். 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.பானுமதியும் பாடினார்கள். வானொலியில் கேட்டே பலருக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். தொடக்கம் இப்படி:

சும்மா கெடந்த நிலத்தைக் கொத்தி
சோம்பலில்லாம ஏர் நடத்தி
கம்மாக் கரையை ஒசத்திக் கட்டி
கரும்புக் கொல்லையில் வாய்க்கால் வெட்டி
சம்பாப் பயிரைப் பறிச்சு நட்டு
தகுந்த முறையில் தண்ணீர் விட்டு

ஆறு வரி, ஆறு வேலை. இத்தனையும் செய்தவர் யார் என்று எந்த வரியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தமிழில் இப்படி எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் வரும் வினைமுற்றில், அதாவது செயலை முடித்துச் சொல்லும் வினையில், ஆள் தெரிந்துவிடுவார். ‘குளித்து, உடுத்தி, சாப்பிட்டுப் போனாள்’ என்றால் குளித்ததும் உடுத்தியதும் சாப்பிட்டதும் அவளே. ‘செய்து’ என்ற வடிவில் வரும் எச்சம் அதே ஆளின் வினையைக் கொண்டுதான் முடியும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ஆகவே நம் காது ஒரு முற்றுக்காகக் காத்திருக்கிறது. கொத்தி, கட்டி, நட்டு, தண்ணீர் விட்டு... என்ன செய்தார்கள்? வாழ்ந்தார்களா? சேர்த்தார்களா? உண்டார்களா?

வருகிற முற்று இதுதான்: ‘நெல்லு வெளைஞ்சிருக்கு.’

வேலை செய்தது ஒருவர். வினைமுற்று நெல்லுக்குப் போய்விட்டது. செய்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டார். பேச்சு வழக்கில் நாம் இப்படிப் பேசுவது உண்டு, யாரும் பிழை என்று நினைப்பதில்லை. ஆனால் அந்த வழக்கை இந்த இடத்தில் வைத்ததும் அது ஒரு வாழ்க்கையையே சொல்லிவிடுகிறது. உழைப்பு முழுவதும் எச்சமாகவே நிற்க, விளைச்சல் மட்டும் முற்றாகிவிடுகிறது.

அடுத்த கணம் ஒரு பெண்குரல் கேட்கிறது:

காடு வெளைஞ்சென்ன மச்சான் – நமக்குக்
கையும் காலுந்தானே மிச்சம்?

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காக ஒரு சொல். இங்கே காடு என்பது மரமும் விலங்குமுள்ள வனம் அன்று. ‘காட்டு வேலைக்குப் போறேன்’ என்று கிராமத்தில் சொல்லும்போது வரும் காடு, அதாவது விளைநிலம். மிச்சம் என்ற சொல்லையும் கவனியுங்கள். எச்சம், மிச்சம் இரண்டுக்கும் ‘எஞ்சி நிற்பது’ என்றுதான் பொருள். வாக்கியத்தில் ஆறு எச்சங்களைப் போட்டவர்களுக்கு, களத்தில் அளந்து முடித்தபின் கிடைத்தது ஒரு மிச்சம்: தங்கள் கையும் காலும். கவிஞர் இலக்கணத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட்டு இப்படி எழுதினாரா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. மொழிக்குள் ஊறியவர் கையில் மொழியின் எலும்பும் சேர்ந்தே வேலை செய்யும்.

இப்போது கருத்துக்கு வருவோம். உழைப்பைப் பற்றிய கவிதை எல்லாமே உழைப்புக் கவிதை ஆகிவிடுமா? ஆகாது என்பது என் எண்ணம். வேலையோடு ஒட்டிய பாட்டுகள் தமிழில் மூன்று விதமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் படிக்கத் தொடங்குபவர்கள் தடுமாறுகிறார்கள்.

மிகப் பழையது, வேலை செய்யும்போதே பாடும் பாட்டு. தொழிற்பாட்டு என்பார்கள். உலக்கை போட்டு இடிக்கும் பெண்கள் பாடுவது வள்ளைப்பாட்டு. படகையோ பாரத்தையோ சேர்ந்து இழுப்பவர்கள் ‘ஏலேலோ’ போடுவார்கள். எல்லாக் கைகளும் ஒரே நொடியில் இழுத்தால்தான் பாரம் நகரும், அந்த நொடியைக் குறித்துக் கொடுப்பது பாட்டு. ஏற்றம் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பவர்களுக்குப் பாட்டு என்பது கணக்கும்கூட. எத்தனை சால், அதாவது எத்தனை வாளித் தண்ணீர் இறைத்தோம் என்பதைப் பாட்டின் எண்ணே சொல்லிவிடும். மண்வெட்டி, கயிறு, சால் போலப் பாட்டும் ஒரு கருவிதான்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரை வழியே நடக்கும் நாடுகாண் காதையில் இந்தப் பாட்டுகள் காதில் விழுகின்றன. நடவு செய்யும் பெண்களின் பாட்டு, ஏர் பூட்டியவர்களின் ஏர்மங்கலம், நெல்லைக் களத்தில் சேர்த்தவர்களின் முகவைப் பாட்டு என்று இளங்கோ ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிச் செல்கிறார். உழைப்பவர்களை அவர் ‘கருங்கை வினைஞர்’ என்கிறார். கறுத்து உரமேறிய கை. ஆயிரத்தைந்நூறு ஆண்டு போல் ஆகியும் அந்தச் சொல் சூடு ஆறவில்லை.

ஏற்றப்பாட்டைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. கம்பர் ஒரு வயல் வழியே போகும்போது ஏற்றக்காரர் ஒருவர், ‘மூங்கில் இலை மேலே தூங்கும் பனிநீரே’ என்று பாடிக்கொண்டிருந்தாராம். அத்தோடு அன்றைய இறைப்பு முடிந்தது. ஏற்றக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பருக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. மறுநாள் விடியலில் போய் நின்று கேட்டார்: ‘தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே.’ ‘ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை’ என்ற பழமொழியோடு சேர்த்து இந்தக் கதையைச் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, தொழிற்பாட்டின் இயல்பு இதில் அப்படியே இருக்கிறது. தண்ணீர் பாய்ந்து முடிந்தால் பாட்டும் நின்றுவிடும். கவிதை முழுமை பெற்றதா என்று ஏற்றக்காரர் பார்ப்பதில்லை, வயல் நிரம்பியதா என்றுதான் பார்ப்பார்.

தொழிற்பாட்டில் துயரமும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் பாடிய ‘ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நாமறந்தேன்’ என்ற பாட்டைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். எழுதியவர் பெயர் தெரியாத இந்தப் பாட்டுதான் பிற்காலக் கவிஞர்கள் பலருக்கும் தாய்வீடு.

இரண்டாவது விதம், உழைப்பைப் போற்றும் கவிதை. ‘உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்’ என்ற குறள் முதல் பாரதி வரை இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. பாரதியின் ‘தொழில்’ என்ற கவிதை பலருக்குத் தெரியும்: ‘இரும்பைக் காய்ச்சி உருக்கிடுவீரே, யந்திரங்கள் வகுத்திடுவீரே, கரும்பைச் சாறு பிழிந்திடுவீரே, கடலில் மூழ்கி நன்முத்தெடுப்பீரே.’ அடுக்கடுக்காக வேலைகளைச் சொல்லிவிட்டு, ‘பெரும்புகழ் நுமக்கே இசைக்கின்றேன்’ என்கிறார்.

சங்கப் பாடலைப் படிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இது யார் கூற்று என்பதுதான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? பேசுபவர் மாறினால் பாட்டின் பொருளே மாறிவிடும். நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கும் இந்தக் கருவியை உழைப்புக் கவிதைக்கும் பயன்படுத்தலாம். பாரதியின் கவிதை கவிஞர் கூற்று. உழைப்பவர்கள் அவருக்கு எதிரே நிற்கும் ‘நீர்’. அவர் கைகூப்பி நிற்கிறார். உழைப்பவர்களை இழிவாகப் பார்த்த ஒரு காலத்தில், ‘பிரம தேவன் கலையிங்கு நீரே’ என்று ஒருவர் எழுதியது பெரிய செயல். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் தவித்த பெண்களுக்காக அழுததும் அவர்தான். ஆனாலும் அந்தத் ‘தொழில்’ கவிதையில் உழைப்பவர்கள் வாய் திறந்து பேசுவதில்லை.

பாரதிதாசனில் இடம் கொஞ்சம் நகர்கிறது. ‘சித்திரச் சோலைகளே, உமை நன்கு திருத்த இப்பாரினிலே, முன்னர் எத்தனை தோழர்கள் ரத்தம் சொரிந்தனரோ, உங்கள் வேரினிலே’ என்று அவர் பூங்காவைப் பார்த்துக் கேட்கிறார். தாமரைத் தடாகத்தைப் பார்த்து, உன்னைத் தோண்டும்போது மறைந்துபோனவர்கள் எங்கள் சகோதரர்கள் என்கிறார். அழகான பொருள் ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ செய்த வேலை புதைந்து கிடக்கிறது என்று காட்டும் கவிதை இது. ‘எங்கள்’ என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சகோதரர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவர்களுக்காகக் கவிஞர் பேசுகிறார்.

மூன்றாவது விதத்துக்குத்தான் நான் உழைப்புக் கவிதை என்ற பெயரை ஒதுக்கி வைக்க விரும்புகிறேன். வேலை செய்பவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் வாயால், வேலையின் உள்விவரம் தெரிந்து, அதன் பலன் எங்கே போகிறது என்று கேட்கும் கவிதை. ‘காடு வெளைஞ்சென்ன மச்சான்’ என்பது உழைக்கும் பெண் ஒருத்தியின் கூற்று. பக்கத்தில் நின்று வேலை செய்தவனிடமே பேசுகிறாள். ‘நமக்கு’ என்கிறாள். தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவருக்கு அதில் இடமில்லை, ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். அவள் ‘எங்களுக்கு’ என்று சொல்லியிருந்தால் அது யாரோ ஒரு மேலாளிடம் கொடுத்த மனுவாக ஆகியிருக்கும். ‘நமக்கு’ என்றதும், டிக்கெட் எடுத்துத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த கூலிக்காரரும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்.

இந்தக் கவிஞர் யார் என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. அவர் 1930 ஏப்ரல் 13-ல் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தார். விவசாயக் குடும்பம். 1959 அக்டோபர் 8-ல் இறந்தபோது வயது 29. இந்தக் குறுகிய வாழ்வுக்குள் அவர் பார்த்த தொழில்கள் 17 என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பட்டியல் போடுவார்கள். மாடு மேய்த்தது, மாட்டு வியாபாரம், மாம்பழம் விற்றது, தேங்காய் விற்றது, இட்லி விற்றது, மீன் நண்டு பிடித்தது, உப்பளத்தில் வேலை செய்தது, தண்ணீர் வண்டி ஓட்டியது, நாடகத்தில் நடித்தது என்று அது நீளும். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார், பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவோடு பழகினார், அந்த இயக்கத்தின் ‘ஜனசக்தி’ இதழில் எழுதினார், புதுச்சேரியில் பாரதிதாசனோடு இருந்தார். திரைப்படப் பாடலாசிரியராக அவருக்குக் கிடைத்தது நான்கைந்து ஆண்டுகளே. மக்கள் கவிஞர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1993-ல் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது.

17 தொழில் செய்தவர் என்பதால் மட்டும் ஒருவர் நல்ல கவிஞராகிவிட மாட்டார். அந்தப் பட்டியலைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குள் போகாமலே நிற்கும் கட்டுரைகள் அதிகம், எனக்கு அது வருத்தம். தொழில் தெரிந்தது பாட்டில் எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

‘சம்பாப் பயிரைப் பறிச்சு நட்டு’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலைப் படத்தில் மட்டும் பார்த்தவர் இங்கே ‘விதை விதைத்து’ என்று எழுதியிருப்பார். காவிரிப் படுகையில் சம்பாவை முதலில் நாற்றங்காலில் விதைத்து, வளர்ந்த நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி, சேற்று வயலுக்குக் கொண்டுபோய் நடுவார்கள். பறிப்பு ஒரு வேலை, நடவு ஒரு வேலை. முதுகு நிமிராமல் பகல் முழுக்கச் செய்ய வேண்டியவை. ‘பறிச்சு நட்டு’ என்ற இரண்டு சொல்லில் இத்தனையும் இருக்கிறது. ‘தகுந்த முறையில் தண்ணீர் விட்டு’ என்பதும் அப்படியே. தண்ணீர் விடுவது என்பது மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. எந்தப் பருவத்தில் எவ்வளவு கட்டுவது, எப்போது வடிப்பது என்று ஒரு முறை இருக்கிறது, அது உழைப்பவரின் அறிவு. கை வேலையில் அறிவு இல்லை என்று நினைப்பவர்களுக்கு ‘தகுந்த முறையில்’ என்ற சொல்லைத்தான் நான் காட்டுவேன்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்து வரும் வரி: ‘வரப்பும் உள்ளே மறைஞ்சிருக்கு.’ பயிர் செழித்து வளர்ந்து வரப்பையே மூடிவிட்டது. வயலுக்குள் இறங்கி நின்றவர் கண் மட்டத்தில் தெரியும் காட்சி இது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. வரப்பு என்பது நிலம் யாருடையது என்று காட்டும் கோடு. பயிர் நிற்கும்வரை அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, பச்சை மட்டும்தான். அறுத்த மறுநாள் வரப்பு வெளியே வந்துவிடும். அப்போதுதான் ‘நமக்கு என்ன மிச்சம்’ என்ற கேள்வியும் வரும். கவிஞர் இதை விளக்கவில்லை. வரப்பு மறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நல்ல கவிதை பாதி வேலையைப் படிப்பவரிடம் விட்டுவைக்கும்.

அந்த மண்ணின் கணக்கு தெரியாமல் இந்தப் பாட்டைப் படித்தால் வெறும் சோகமாகத் தோன்றலாம். தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் முறை இருந்தது. பெரிய நிலவுடைமைக்காரரிடம் குடும்பத்தோடு கட்டுப்பட்டு வேலை செய்பவர்கள் பண்ணையாட்கள். அவர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு தருவதற்காக 1952-ல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நெல் களத்துக்கு வந்ததும் மரக்கால் என்ற அளவைக் கலத்தால் அளப்பார்கள். நிலத்துக்காரர் பங்கு போகும், வாங்கிய கடன் கழியும், அதற்குப் பிறகு எஞ்சுவதுதான் மிச்சம். மிச்சம் என்ற சொல்லைக் கவிஞர் அகராதியிலிருந்து எடுக்கவில்லை, களத்துமேட்டிலிருந்து எடுத்தார். பாட்டு வந்து பத்தே ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவில், அதே காவிரிப் படுகையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ‘மிச்சம் என்ன’ என்று கேட்பதற்கு அங்கே என்ன விலை இருந்தது என்பது அதில் தெரியும்.

பாட்டின் கடைசிப் பகுதியில் ‘சேரிக்கும் இன்பம் திரும்புமடி’ என்று ஒரு வரி வருகிறது. போகிற போக்கில் கேட்டால் நழுவிவிடும். நிலத்தைக் கொத்தியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் உடலுழைப்பைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் விட்டால் பேச்சு பாதியில் நிற்கும். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று பிறப்பே முடிவு செய்த ஊர் இது.

இந்தப் பாட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ‘கண்ணின் மணிகள்’ என்ற நாடகத்துக்காக அவர் எழுதிய மூன்று அடிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

தேனாறு பாயுது – வயலில்
செங்கதிரும் சாயுது – ஆனாலும்
மக்கள் வயிறு காயுது

பாயுது, சாயுது, காயுது. மூன்று வினைமுற்று. ஆறு பாய்கிறது, கதிர் முற்றிச் சாய்கிறது, வயிறு காய்கிறது. காய்வது என்பது வயலுக்கும் பயிருக்கும் நாம் சொல்லும் சொல். தண்ணீர் இல்லாத நிலம் காயும். இங்கே நிலத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, காய்ந்தது வயிறு. எதுகையும் இயைபும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல, வாதமே அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஒரே ஓசையில் முடியும் மூன்று சொல்லில் மூன்றாவது மட்டும் பொருந்தாமல் உறுத்துகிறது. அந்த உறுத்தலைத்தான் கவிஞர் கேட்கச் சொல்கிறார்.

ஓசை வேறு விதமாகவும் உழைக்கும். 1957-ல் வந்த ‘புதையல்’ படத்துக்கு அவர் எழுதிய கைத்தறிப் பாட்டு, ‘சின்னச் சின்ன இழை பின்னிப் பின்னி வரும் சித்திரக் கைத்தறிச் சேலையடி’ என்று தொடங்கும். ‘சின்னச் சின்ன’, ‘பின்னிப் பின்னி’ என்று சொல் இரண்டிரண்டாக வருவதைக் கேளுங்கள். தறியில் நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்புகிற ஓசை அதில் இருக்கிறது. ஏலேலோவும் வள்ளைப்பாட்டும் செய்த வேலையை இங்கே மெட்டு செய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்த காலம் அது. அச்சில் வந்த கவிதை போக முடியாத இடத்துக்குச் சினிமாப் பாட்டு போனது. ‘சினிமாப் பாட்டு கவிதை ஆகுமா’ என்று தயங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. தொழிற்பாட்டின் வழிவந்த கவிதை, வாயிலிருந்து காதுக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தது இயல்பான காரியம்.

அவர் பாட்டுகளில் ‘கை’ திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே ஒரு பாதை கிடைக்கும். ‘கையும் காலுந்தானே மிச்சம்’ என்று கேட்டவர், ‘ஆளுக்கொரு வீடு’ படத்துக்கு எழுதிய பாட்டில் ‘கையும் காலுந்தான் உதவி, கொண்ட கடமைதான் நமக்குப் பதவி’ என்கிறார். ‘அரசிளங்குமரி’யில் வரும் ‘சின்னப்பயலே’ பாட்டில் சிறுவனைப் பார்த்து, ‘வளர்ந்துவரும் உலகத்துக்கே நீ வலது கையடா’ என்கிறார். ஒரே கை ஓரிடத்தில் எஞ்சிய பொருள், ஓரிடத்தில் துணை, ஓரிடத்தில் நாளைய ஆள். நம்பிக்கையும் கணக்கும் ஒரே மனிதருக்குள் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அவரைத் தவறாகப் படித்துவிடுவோம்.

அப்படித் தவறாகப் படிக்கப்பட்ட வரிதான் ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்பது. மேலே சொன்ன ‘உதவி’ பாட்டின் முதல் வரி. பட்டறைச் சுவரிலும் வண்டி முகப்பிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். உழைப்பவர் தன் கையால் அதை எழுதி வைத்தால் அது தன்மானம். அதே வரியை, கூலி கேட்டு வந்தவரிடம் முதலாளி எடுத்துச் சொன்னால் அது வாயை அடைக்கும் துணி. வரி ஒன்றுதான், கூற்று வேறு. யார் சொல்கிறார் என்று கேட்கும் பழைய பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். கேள்விகளையும் அடுத்தடுத்துப் போட்டவர் இதே கவிஞர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘காடு வெளைஞ்சென்ன’ பாட்டில், மாடாய் உழைத்தவன் வாழ்க்கையில் பசி வரக் காரணம் என்ன என்று பெண் கேட்க, அவன் தேடிய செல்வம் வேறிடம் போய்ச் சேர்வதால் என்று ஆண் பதில் சொல்கிறான். இனி என்ன செய்வது என்று அவள் மறுபடி கேட்கிறாள். ‘தினம் கஞ்சி கஞ்சி என்றால் பானை நெறையாது, சிந்திச்சு முன்னேற வேணுமடி’ என்று பதில் வருகிறது. வேலைக் களைப்பில் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல், கேள்வியும் பதிலுமாக, ஒருவர் பாட இன்னொருவர் பதில் பாடும் எசப்பாட்டின் வடிவத்தில் பொருளாதாரம் பேசப்படுகிறது.

இனி எந்த உழைப்புக் கவிதையைப் படித்தாலும் வினைகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். எச்சங்கள் யாருடையவை, முற்று யாருடையது என்று பாருங்கள். பேசுவது யார் என்று கேளுங்கள். வேலையின் உள்விவரம் இருக்கிறதா, வியர்வை, வேர்வை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறதா என்று கவனியுங்கள். வியர்வையை மட்டும் பாடும் கவிதைகள் ஏராளம். வெயிலில் சும்மா நின்றாலும் வியர்க்கும்.

கவிதைப் புத்தகம் கைவசம் இல்லை என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். நான் ஒருநாள் காலை அடுக்களையில் நடந்ததை இதே முறையில் எழுதிப் பார்த்தேன். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, களைந்து, ஆட்டி, வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து, புளிக்கவைத்து, விடியலில் எழுந்து, அடுப்பு மூட்டி, வார்த்து, கூடவே சட்னி அரைத்து, தாளித்து... என்று எச்சங்கள் நின்றபாடில்லை. வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து யாரோ வழக்கம்போல் கேட்டார்கள்.

“டிபன் ஆச்சா?”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “ஆச்சு.”